"மேடம், உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு!"

இந்த இதழின் கணினிப் பக்கத்தில் நாம் படிக்கப்போவது பாடப்புத்தகத்தில் இல்லாத பாடம். ஒருவர் போன் செய்வார். "நான் மைக்ரோசாஃப்ட் கம்பெனியிலிருந்து பேசுகிறேன். உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது. இங்கிருந்தே சரி செய்து தருகிறேன்" என்பார். அவர் மைக்ரோசாஃப்டும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. திருடர்.

"எங்க வீட்ல கம்ப்யூட்டரே இல்லியே, எனக்கு எதுக்கு இது?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கடைசியில் நம் வீட்டு செல்போனுக்குத்தான் வரப்போகிறோம். தந்திரம் பிறந்த இடத்தை முதலில் பார்த்துவிட்டால், அது வேற வேஷம் போட்டு நம்ம போனுக்கு வரும்போது அடையாளம் தெரியும்.

இந்த மோசடி எங்கிருந்து நடந்தது தெரியுமா? சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பெரும்பாலும் நம் நாட்டிலிருந்துதான். கொல்கத்தா, டெல்லிக்குப் பக்கத்தில் உள்ள குர்கான், நொய்டா போன்ற ஊர்களில் கால் சென்டர் மாதிரி ஹால் எடுத்து, வரிசையாக மேசை போட்டு, அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா நாட்டுக்காரர்களுக்குப் போன் போட்டார்கள். வயதானவர்கள் கிடைத்தால் அவர்களுக்கு லாபம். 2012 அக்டோபரில் அமெரிக்காவின் எஃப்.டி.சி. என்ற வணிக ஆணையம் இப்படிப்பட்ட 14 கம்பெனிகள் மீதும் 17 ஆட்கள் மீதும் நடவடிக்கை எடுத்ததாக அறிவித்தது. அதில் பெரும்பாலானவை இந்தியாவில் இருந்தவை. 2018 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் கொடுத்த புகாரின்பேரில் குர்கானிலும் நொய்டாவிலும் 16 கால் சென்டர்களில் போலீஸார் சோதனை போட்டார்கள். 2023 அக்டோபரில் சி.பி.ஐ. "ஆபரேஷன் சக்ரா 2" என்று பெயர் வைத்து நாடு முழுவதும் 76 இடங்களில் தேடியது. அந்த முறை மைக்ரோசாஃப்டும் அமேசானும் புகார் கொடுத்திருந்தன. இத்தனை தடவை பிடித்தும் இது நிற்கவில்லை.

சரி, படித்தவர்கள், பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவர்கள் எல்லாம் எப்படி ஏமாந்தார்கள்? இதுதான் இந்தப் பாடத்தின் முக்கியமான இடம். வெறும் பொய் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் அவர் உண்மையான ஒன்றைக் காட்டுகிறார். காட்டிவிட்டு, அதற்குப் பொய்யான அர்த்தம் சொல்கிறார்.

நம்ம பள்ளிக் கணினியிலேயே இதைப் பார்க்கலாம் (ஆசிரியர் அனுமதியோடு மட்டும்!). விண்டோஸ் தேடும் இடத்தில் "ஈவென்ட் வியூவர்" என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு ஜன்னல் திறக்கும். அதில் "விண்டோஸ் லாக்ஸ்" என்பதற்குள் "சிஸ்டம்" என்று இருக்கும். அதை அழுத்தினால் வரிசையாக வரும். சிவப்பு வட்டம் போட்டு "எரர்", மஞ்சள் முக்கோணம் போட்டு "வார்னிங்". நூற்றுக்கணக்கில் இருக்கும். முதல் தடவை பார்க்கிறவங்களுக்கு வயித்த கலக்கும். ஆனால் அது கணினி தனக்காக எழுதி வைக்கும் தினக்குறிப்பு, அவ்வளவுதான். பிரிண்டர் பதில் சொல்லவில்லை, அப்டேட் பாதியில் நின்றது, ஒரு வேலை ஆரம்பிக்க லேட் ஆனது, கரண்ட் போய் திடீரென அணைந்தது, எல்லாவற்றையும் எழுதி வைக்கும். நல்லா ஓடுற கணினியிலும் இது இருக்கும். நம்ம வகுப்பு வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் ஆப்சென்ட் போட்டிருக்கும் இல்லையா? தெரியாத ஆள் ஒருத்தர் வந்து அதைப் பிரித்துக் காட்டி, "பாருங்க எவ்ளோ சிவப்பு! உங்க ஸ்கூலே மூடப் போறாங்க" என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இது.

அடுத்தது கறுப்பு ஜன்னல். அதில் "நெட்ஸ்டாட்" என்று அடிக்கச் சொல்வார். ஒரு பட்டியல் வரும். அதில் ஒரு பத்தியின் தலைப்பு "ஃபாரின் அட்ரஸ்". "பார்த்தீங்களா மேடம், வெளிநாட்டுக்காரங்க உங்க கம்ப்யூட்டருக்குள்ள உட்கார்ந்திருக்காங்க!" என்பார். அந்த இடத்தில் ஃபாரின் என்றால் வெளிநாடு இல்லை. நம் கணினி இப்போது யாரோடு பேசிக்கொண்டிருக்கிறதோ அந்த எதிர்முனை, அவ்வளவே. யூடியூப் திறந்து வைத்திருந்தால் யூடியூப்பின் கணினி அங்கே ஃபாரின். பக்கத்து அறையில் இருக்கும் கணினியோடு பேசினால் அதுவும் ஃபாரின்தான்.

எனக்கு ரொம்பச் சிரிப்பு வந்தது மூன்றாவது தந்திரத்தில். "நான் உண்மையான கம்பெனி ஆள்னு நிரூபிக்கிறேன், உங்க கம்ப்யூட்டரோட லைசென்ஸ் நம்பர் என்கிட்ட இருக்கு, சொல்றேன் சரிபாருங்க" என்பார். "அசாக்" என்ற கட்டளையை அடிக்கச் சொல்வார். பட்டியலின் கடைசிப் பக்கத்தில் 888 என்று ஆரம்பிக்கும் ஒரு நீண்ட எண் இருக்கும். அவர் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, அது அப்படியே ஒத்துப்போகும்! கேட்பவர் ஆடிப்போய்விடுவார். விஷயம் என்னவென்றால் அந்த எண் எல்லா விண்டோஸ் கணினியிலும் ஒன்றேதான். இது எப்படி இருக்கிறது என்றால், "உங்க வீட்டு கேலண்டர்ல ஆகஸ்ட் 15 சிவப்பு எழுத்துல இருக்கும், போய்ப் பாருங்க. இருக்கா? அப்போ நான் பெரிய ஜோசியர்" என்கிற மாதிரி.

இதெல்லாம் பார்த்து பயந்த பிறகு, "எனிடெஸ்க்" அல்லது "டீம்வியூவர்" என்ற மென்பொருளைப் போடச் சொல்வார். இவை கெட்ட மென்பொருள்கள் இல்லை. நிஜமான கணினிப் பொறியாளர்கள் தூரத்திலிருந்து வேலை பார்க்க இவற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இதைப் போட்டு அனுமதி கொடுத்துவிட்டால், நம் திரையில் தெரிவதெல்லாம் அவருக்கும் தெரியும், நம் மவுஸை அவர் நகர்த்தலாம். வீட்டுச் சாவிக் கொத்தை முன்பின் தெரியாதவரிடம் கொடுத்துவிட்டு நாம் திண்ணையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். பிறகு வாரண்டி, சர்வீஸ் சார்ஜ் என்று பணம் கேட்பார். சிலர் "தவறுதலாக உங்களுக்கு அதிகமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், என் வேலை போய்விடும்" என்று அழுவதும் உண்டு. வங்கிப் பக்கத்தில் தெரியும் தொகையை நம் திரையில் மட்டும் மாற்றிக் காட்ட முடியும். கணக்கில் ஒரு பைசா கூட ஏறியிருக்காது. பரிட்சைப் பேப்பர் ஜெராக்ஸில் 35-ஐ 85 ஆக்கினால் ஆசிரியர் நோட்டில் மார்க் மாறுமா?

போன் வராமல் திரை முழுக்கச் சிவப்பாக எச்சரிக்கை வந்து, சைரன் சத்தம் போட்டு, "உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடு" என்று வருவதும் இதே கும்பலின் வேலை. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. இதை நினைவில் வைத்தால் போதும். ஆல்ட் பொத்தானையும் எஃப்4 பொத்தானையும் சேர்த்து அழுத்தி மூடிவிடலாம். மூடவில்லையா, கணினியையே அணைத்துவிடுங்கள்.

ஒரு சாதாரணக் கேள்வி கேட்டாலே இந்த வேஷம் கலைந்துவிடும். "என் கம்ப்யூட்டர் கெட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்?" தெருவில் போகிறவர் கதவைத் தட்டி, "உங்க வீட்டு மிக்ஸில காயில் கருகப்போவுது, நான் சரி பண்றேன்" என்றால் நம்ம பாட்டி விடுவாங்களா? மிக்ஸிக்கு விடாத பாட்டி போனுக்கு மட்டும் விட்டுவிடுகிறார்கள். ஏனென்றால் மிக்ஸி அவர்களுக்குத் தெரிந்த பொருள்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். நமக்கு மைக்ரோசாஃப்ட் பெயரில் வராது. பேங்க் பெயரில் வரும், பி.எஃப். ஆபீஸ் பெயரில் வரும், கேஸ் ஏஜென்சி, ஈ.பி. பில், சிம் கார்டு கம்பெனி பெயரில் வரும். உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும்:

"ஹலோ மேடம், நான் பேங்க் ஹெட் ஆபீஸ்ல இருந்து பேசுது. உங்க அக்கவுண்ட் கேஒய்சி முடிஞ்சி போச்சி. இன்னிக்கி சாயங்காலம் பிளாக் ஆவுது."

"ஐயோ, சார், சம்பளம் அதுலதான் வருது சார்."

"பயப்படாதீங்க மேடம். நான் ஒரு ஆப் சொல்லுது, போடுங்க. நான் இங்கேந்து சரி பண்ணுது."

பார்த்தீர்களா? அதே நாடகம். முதலில் பயம், பிறகு அவசரம், பிறகு "நான் இங்கிருந்தே சரி செய்கிறேன்". ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரி 14 அன்றே இந்த எனிடெஸ்க் ஆப்பைப் பற்றி வங்கிகளை எச்சரித்தது. ஆப்பைப் போட்டதும் எண் ஒன்று வரும். அதை அவரிடம் சொல்லி, கேட்கும் அனுமதியெல்லாம் கொடுத்தால் போன் அவர் கைக்குப் போகிறது. வரும் ஓடிபியையும் அவர் படிக்கலாம். "நான் ஓடிபி யாருக்குமே சொல்லலியே, எப்படிப் போச்சி?" என்று பலர் கேட்பது இதனால்தான். வாயால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது இன்னொரு வகை வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், பேங்க் அப்டேட் என்று ஏபிகே என முடியும் ஃபைல் வரும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ இருக்கும். ஏபிகே என்றால் அது ஆப். திறந்து நிறுவினால் நம் மெசேஜ்களைப் படித்து அவருக்கு அனுப்பும்.

பின் நம்பர் பற்றியும் ஒரு வரி. பணம் நமக்கு வருவதற்கு யுபிஐ பின் அடிக்கவே தேவையில்லை. பின் அடித்தால் பணம் வெளியே போகிறது. தனி ஆள் ஒருவர் இன்னொருவருக்கு "பணம் அனுப்பு" என்று வேண்டுகோள் அனுப்பும் வசதியை இதனாலேயே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். க்யூஆர் கோடு அனுப்பி "ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்" என்பது மட்டும் இன்னும் நடக்கிறது.

நம்ம பக்கம் ஏன் கவனமாக இருக்கணும் என்று நான் யோசித்தேன். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்கும் தோல் ஷாப்புக்கும் போகிற அம்மாக்கள், அக்காக்கள் நம் வகுப்பிலேயே எத்தனை பேர் வீட்டில் இருக்கிறார்கள்! சம்பளம் பேங்கில், பி.எஃப். ஆன்லைனில், குழுக் கடன் தவணை ஜிபேயில். பல கம்பெனிகளில் வேலை நேரத்தில் போன் எடுக்க முடியாது. காலையில் பணம் போனால் சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்துதான் மெசேஜ் பார்ப்பாங்க. பி.எஃப். அலுவலகம் ஆதார், யுஏஎன், ஓடிபி எதையும் போனில் கேட்பதில்லை என்று அவர்களே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அது எத்தனை அம்மாக்கள் காதுக்குப் போனது? அப்புறம், வீட்டில் புதுப் போன் வாங்கினால் ஜிபே போட்டுக் கொடுப்பது யாரு? நாமதான். "இந்த ஆப் போடச் சொல்றாங்க, போட்டுக் குடுடி" என்று போனை நீட்டுவதும் நம்மகிட்டதான். அதனால் வீட்டு மெக்கானிக் நாமதான்னு வெச்சிக்கோங்க. பாடம் முதலில் நமக்கு.

என் கருத்துப்படி ஒரே ஒரு பழக்கம் போதும். அவர்கள் கூப்பிட்டால் கட் பண்ணு. பிறகு வேணும்னா நாம் கூப்பிடலாம். உண்மையான பேங்காக இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எந்த நம்பருக்குக் கூப்பிடுவது? பலர் கூகுளில் "கஸ்டமர் கேர்" என்று தேடி, முதலில் வரும் நம்பருக்குப் போடுகிறார்கள். திருடர்கள் தங்கள் நம்பரையே அங்கே ஏற்றி வைத்திருப்பார்கள். நாமாகவே போய் மாட்டிக்கொள்வோம்! ஏடிஎம் கார்டின் பின்பக்கம் அச்சடித்த நம்பர், பாஸ்புக்கில் உள்ள கிளை நம்பர், இவைதான் சரி. வங்கிகள் போன்ற நிறுவனங்கள் வாடிக்கையாளரைக் கூப்பிடுவதற்கென்று 1600 என்று தொடங்கும் எண் வரிசையும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மேனேஜர் என்று சொல்லிக்கொண்டு சாதாரண 10 இலக்க செல் நம்பரிலிருந்து வந்தால் சந்தேகப்படணும்.

போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுபவர்களும் இவர்களுக்கு அண்ணன் தம்பிகளே. நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது.

சிலர் திருடரோடு வேண்டுமென்றே பேசி அவர் நேரத்தை வீணாக்குகிறார்கள். "லென்னி" என்று ஒரு தாத்தா குரல் இருக்கிறது. நிஜத் தாத்தா இல்லை, 16 ஒலிப்பதிவுகள் மட்டும். ஒவ்வொன்றாக ஓடும். "கொஞ்சம் இருப்பா, சரியா கேக்கல" என்கிற மாதிரி சொல்லிக்கொண்டே இருக்கும், திருடர் மனிதர் என்று நினைத்துப் பேசிக்கொண்டே இருப்பார். 2024 நவம்பரில் இங்கிலாந்தின் ஓ2 போன் கம்பெனி "டெய்சி" என்று செயற்கை நுண்ணறிவுப் பாட்டியையே உண்டாக்கியது. படிக்க ஜாலியாக இருக்கிறது. ஆனால் நாம் இதைச் செய்ய வேண்டாம். நம் நம்பர் அவர்களிடம் இருக்கிறது. பெண் குரல் என்றால் அசிங்கமாகத் திட்டுவார்கள், திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள். பாட்டி இயந்திரம், அதுக்கு மனசு வலிக்காது.

எதிர்முனையில் பேசுபவர் யார் என்பதையும் எழுதத்தான் வேண்டும். எல்லாரும் விரும்பிப் போனவர்கள் இல்லை. 2022-இல் தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலரிடம் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று சொல்லி அழைத்துப் போனார்கள். அங்கே இறங்கியதும் எல்லை தாண்டி மியான்மரில் மியாவாடி என்ற இடத்துக்குக் கடத்திப்போய் ஆன்லைன் மோசடி செய்யச் சொன்னார்கள். மாட்டேன் என்றவர்களைக் கொடுமைப்படுத்தினார்கள். அவர்களில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டு 2022 அக்டோபர் முதல் வாரத்தில் சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் திரும்பி வந்தார்கள். டிப்ளமோ, டிகிரி முடித்த அண்ணன்கள் நம்ம வீட்டிலும் இருக்கிறார்கள். "டேட்டா என்ட்ரி வேலை, டூரிஸ்ட் விசாவுல வா" என்று யாராவது சொன்னால் அதுவும் இந்தக் கும்பலின் போன் கால்தான். உள்ளூரிலேயே "உன் பேங்க் அக்கவுண்ட்டைக் குடு, மாசம் கமிஷன் தரேன்" என்று கேட்பவர்களும் உண்டு. திருடிய பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் கைமாறும். போலீஸ் முதலில் வருவது கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்கு.

இவ்வளவும் தெரிந்தவர்கள் ஏமாற மாட்டார்களா? ஜிம் பிரவுனிங் என்ற புனைபெயரில் ஒருவர் இருக்கிறார். போலி கால் சென்டர்களின் கணினிக்குள்ளேயே நுழைந்து, அவர்கள் கேமரா வழியாக அவர்களையே படம் பிடித்தவர். 2020 மார்ச்சில் பி.பி.சி. அதை ஒளிபரப்பியது. குர்கானில் இருந்த கால் சென்டர் அது. அப்படிப்பட்டவரே 2021 ஜூலையில், யூடியூப் உதவி மையம் போல நடித்த ஒருவரை நம்பித் தன் யூடியூப் சேனலைத் தானே அழித்துவிட்டார்! பிறகு யூடியூப் மீட்டுக் கொடுத்தது. நடந்ததை அவரே வெளியே சொன்னார், எப்படி ஏமாந்தேன் என்று விளக்கினார்.

நம் வீடுகளில் இதைத்தான் யாரும் செய்வதில்லை. பணம் போன பிறகு, "உங்கப்பாகிட்ட சொல்லாத, அடிப்பாரு", "அக்கம்பக்கம் தெரிஞ்சா மானம் போயிடும்" என்று மறைப்பாங்க. படிக்காதவ என்று சிரிப்பார்களோ என்ற பயம். அந்த இரண்டு நாளில்தான் பணம் நிஜமாகவே போகிறது. எப்படி என்றால், திருடர் நம் பணத்தை ஒரு கணக்கில் போட்டு, அங்கிருந்து நாலைந்து கணக்குகளுக்குப் பிரித்து, கடைசியில் ஏடிஎம்மில் எடுத்துவிடுவார். 1930-க்குப் போன் செய்தால் அவர்கள் உடனே அந்தந்த வங்கிக்குத் தகவல் அனுப்புவார்கள். பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்கப்படும். எடுத்துவிட்டால் முடக்க ஒன்றும் இருக்காது. அதனால் முதல் ஒரு மணி நேரம் ரொம்ப முக்கியம். சொல்ல வேண்டியவை: எந்த வங்கி, எவ்வளவு, எந்த நேரம், மெசேஜில் உள்ள பரிவர்த்தனை எண். மெசேஜை அழித்துவிடக் கூடாது. வங்கிக்கும் சொல்லிக் கணக்கை நிறுத்தணும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி சுற்றறிக்கையில், வாடிக்கையாளர் கவனக்குறைவால் போயிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு என்று சொன்னது. ஓடிபி சொல்லித் தொலைத்தவர்களும் உடனே சொன்னால் லாபம் உண்டு. ராணிப்பேட்டையில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. எனிடெஸ்க் போட்டிருந்தால் முதலில் இன்டர்நெட்டை அணைத்து, ஆப்பை நீக்கிவிட்டு, வேறு போனிலிருந்து கூப்பிடுங்கள்.

வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை. அம்மாவிடம் ஏடிஎம் கார்டையோ பாஸ்புக்கையோ வாங்கி, பேங்க் போன் நம்பரைக் கண்டுபிடித்து, ஸ்கெட்ச் பேனாவால் கேலண்டர் அட்டையில் பெரிதாக எழுதுங்கள். அதற்குக் கீழே 1930. பக்கத்து வீட்டுக் கேலண்டரிலும் எழுதலாம். (கார்டு மேல இருக்கிற 16 நம்பரை எழுதிடாதீங்க!)